இரண்டு வீடுகள், இரண்டு தலைப்புகள்: கால்பந்துச் செய்திகளில் இன, மத முன்முடிவு

2018 டிசம்பர் 8. லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் மோதிய ஆட்டம். கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுக்கச் சென்ற சிட்டியின் கறுப்பின வீரர் ரஹீம் ஸ்டெர்லிங்கைப் பார்த்து, முன்வரிசையில் இருந்த சில ரசிகர்கள் வெறி பிடித்தவர்கள்போலக் கத்தினார்கள். டிவி கேமராவில் அது அப்படியே பதிவானது. ஒரு ரசிகருக்குச் செல்சி பின்னாளில் வாழ்நாள் தடை விதித்தது.

மறுநாள் ஸ்டெர்லிங் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டார். கத்தியவர்களைப் பற்றி அதில் அதிகம் பேசவில்லை. பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழில் வந்த இரண்டு செய்தித் தலைப்புகளைச் சேர்த்து வைத்து, இவற்றைப் படித்துப் பாருங்கள் என்றார்.

இரண்டும் வீடு வாங்கிய செய்திகள். வீடு வாங்கிய இருவருமே மான்செஸ்டர் சிட்டியின் அகாடமியில் வளர்ந்த இளைஞர்கள். ஒருவர் டோசின் அடராபியோயோ, கறுப்பினத்தவர். 20 வயதுப் பையன், வாரச் சம்பளம் 25,000 பவுண்ட், ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்தில்கூடத் தொடக்க அணியில் இறங்கியதில்லை, ஆனாலும் 22.5 லட்சம் பவுண்ட் மாளிகைக்குப் பணத்தை வாரி இறைத்துவிட்டான் என்ற தொனியில் இருந்தது அவரைப் பற்றிய தலைப்பு. இன்னொருவர் ஃபில் ஃபோடன், வெள்ளையர். சிட்டியின் இளம் நட்சத்திரம் தன் அம்மாவுக்காக 20 லட்சம் பவுண்ட் வீடு வாங்கினார் என்றது அவருடைய தலைப்பு.

இருவரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் வார்த்தைகளைப் போட்ட விதத்தில் ஒருவர் கெட்டவராகத் தெரிகிறார் என்று எழுதினார் ஸ்டெர்லிங். இப்படிப்பட்ட செய்திகள்தான் மைதானத்தில் வரும் வெறுப்புக்குத் தீனி போடுகின்றன என்பது அவர் வாதம். கால்பந்துச் செய்திகளில் இன, மத முன்முடிவு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

முன்முடிவு என்று நாம் சொல்வது, ஓர் ஆளை அறிந்துகொள்வதற்கு முன்பே, அவர் எந்த இனம், எந்த மதம் என்பதை வைத்து அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவதை. இந்தக் காலத்து நாளிதழில் அது வசைச்சொல்லாக வருவது அபூர்வம். வசைச்சொல் அச்சானால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள், வழக்கு வரும், விளம்பரதாரர் ஓடிவிடுவார். அதனால் அது வேறு இடங்களில் இருக்கிறது: எந்தத் தகவலைத் தலைப்பில் ஏற்றுவது, எதை எட்டாவது பத்தியில் புதைப்பது, யாருடைய படத்தைப் போடுவது, எதைச் செய்தியே இல்லை என்று தள்ளிவிடுவது. அடராபியோயோ செய்தியில் இருந்தவை தகவல்கள்தான். சம்பளத்தைச் சொன்னார்கள், ஆடாத ஆட்டங்களைச் சொன்னார்கள். ஃபோடன் செய்தியில் சம்பளம் தலைப்புக்கு வரவில்லை, அம்மா வந்தார். தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் குறை சொல்ல எதுவும் இருக்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணில் படும்.

இங்கே ஒரு நடைமுறை விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தியை எழுதும் நிருபர் பெரும்பாலும் தலைப்பை எழுதுவதில்லை. நாளிதழ் அலுவலகத்தின் செய்திப் பிரிவில், அதாவது டெஸ்க்கில், இருக்கும் உதவி ஆசிரியர்தான், இருக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி தலைப்பு வைப்பார். அவசரத்தில் வேலை செய்பவருக்கு முதலில் கைக்கு வருவது பழகிய கதைதான். ‘திடீர்ப் பணம் வந்த கறுப்பினப் பையன், ஊதாரித்தனம்’ என்பது டேப்ளாய்டுகள் எனப்படும் பிரிட்டிஷ் பரபரப்பு நாளிதழ்களில் பழகிய கதை. ‘நம்ம ஊர்ப் பையன், அம்மாவுக்கு நல்ல பிள்ளை’ என்பதும் பழகிய கதைதான். யாருக்கு எந்தக் கதை ஒட்டும் என்பதை டெஸ்க்கில் யாரும் உட்கார்ந்து விவாதிப்பதில்லை. அது தானாகவே நடந்துவிடுகிறது. தானாக நடக்கிறது என்பதால் அதன் பாதிப்பு குறைந்துவிடாது.

ஸ்டெர்லிங்குக்கு இதெல்லாம் புதிதல்ல. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, ஐந்து வயதில் லண்டனுக்கு வந்து, வெம்ப்ளி மைதானத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். 2016 யூரோ தொடரில் இங்கிலாந்து ஐஸ்லாந்திடம் தோற்று வெளியேறிய பிறகு அவர் அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கித் தந்தார். அதையும் டேப்ளாய்டுகள் படாடோபம் என்றே எழுதின. அம்மாவுக்கு வீடு வாங்குவது ஃபோடனுக்கு நற்பெயர், ஸ்டெர்லிங்குக்குக் கெட்ட பெயர். 2018 உலகக் கோப்பைக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் காலில் துப்பாக்கிப் படம் பச்சை குத்தியிருப்பதை தி சன் நாளிதழ் முதல் பக்கச் செய்தியாக்கியது. அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவருடைய அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டதாகவும், தான் வலது காலால் பந்தை ஷூட் செய்வதால் அந்தப் படம் அங்கே இருப்பதாகவும் அவர் விளக்க வேண்டி வந்தது. அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை, அந்தத் துக்கத்தை நாட்டுக்கே விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பாராட்டிலும் இருக்கிறது

திட்டும் இடத்தில் மட்டும் முன்முடிவைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். புகழும்போதும் அது இருக்கிறது. ‘என்ன பலம்! என்ன வேகம்!’ என்று ஒருவரை, ‘என்ன பார்வை! எவ்வளவு புத்திசாலித்தனமான பாஸ்!’ என்று இன்னொருவரை. இரண்டுமே பாராட்டுதான். ஆனால் ஒன்று உடம்பைப் பற்றியது, மற்றது மூளையைப் பற்றியது.

இதை எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ரன்ரிப்பீட் என்ற நிறுவனம், இங்கிலாந்து வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏவுடன் சேர்ந்து 2020 ஜூனில் ஓர் ஆய்வை வெளியிட்டது. இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் லீக்குகளின் 80 ஆட்டங்களில், ஆங்கில வர்ணனையாளர்கள் 643 வீரர்களைப் பற்றிச் சொன்ன 2,073 கருத்துகளை எடுத்து அலசினார்கள். ஒரு வீரரின் பலத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு, அவர் கருத்த தோல் கொண்டவராக இருந்தால் 6.59 மடங்கு அதிகம். வேகத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு 3.38 மடங்கு அதிகம். அறிவைப் பாராட்டிய கருத்துகளில் 62.60 சதவீதம் வெளிர் தோல் வீரர்களுக்குப் போயிருந்தது. இது டிவி வர்ணனை பற்றிய ஆய்வுதான். ஆனால் டிவியில் கேட்ட அதே பேச்சு அடுத்த நாள் ஆட்ட விமர்சனத்தில் வருவதைக் கால்பந்துப் பக்கங்களைப் படிப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

இதன் விளைவு வெறும் மனவருத்தத்தோடு நிற்பதில்லை. பலசாலி, வேகக்காரர் என்று இருபது வருடம் எழுதப்பட்ட ஒருவரை, ஓய்வுபெற்ற பிறகு பயிற்சியாளராக நியமிக்கலாம் என்று ஒரு கிளப்புக்கு எளிதில் தோன்றாது. பயிற்சியாளர் வேலைக்குக் கேட்பது மூளையை.

ஜெயித்தால் நம்மவர், தோற்றால் அந்நியர்

இந்த வகை முன்முடிவுக்கு மெசுட் ஓசில் கதையைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், கொஞ்சம் விரிவாகவே.

ஓசில் 1988-இல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர். துருக்கியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். 2010-இல் ஜெர்மனியின் பாம்பி விருது, ‘ஒருங்கிணைப்பு’ என்ற பிரிவில் அவருக்குக் கொடுக்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால் அந்த விருதே விசித்திரம். அந்த மண்ணில் பிறந்தவரைப் பார்த்து, நீ எங்களோடு நன்றாகக் கலந்துவிட்டாய் என்று பாராட்டுவது! 2014-இல் ஜெர்மனி உலகக் கோப்பை வென்றபோது அவர் அந்த அணியின் முக்கியமான மிட்ஃபீல்டர்.

2018 மே மாதம் லண்டனில் துருக்கி அதிபர் எர்டோகனைச் சந்தித்துப் படம் எடுத்துக்கொண்டார். துருக்கியில் தேர்தல் நெருங்கிய நேரம். பத்திரிகையாளர்களைச் சிறையில் அடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆட்சியாளர். அந்தப் படத்தைக் கண்டித்து எழுதுவதற்கு ஜெர்மன் நாளிதழ்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அதை நான் முன்முடிவு என்று சொல்லமாட்டேன். கண்டனமும் முன்முடிவும் வேறு வேறு. ஒருவர் செய்ததைப் பற்றிப் பேசுவது கண்டனம். அவர் செய்ததைக் காரணமாக வைத்து அவர் யார் என்பதைக் கேள்விக்குள்ளாக்குவது முன்முடிவு.

பிறகு நடந்தது அந்த இரண்டாவது வகைதான். அந்த ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி மெக்சிகோவிடமும் தென்கொரியாவிடமும் தோற்று, 80 ஆண்டுகளில் முதல் தடவையாக முதல் சுற்றிலேயே வெளியேறியது. தோல்விக்குப் பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. ஜூலை 22 அன்று ஓசில் ஒரு நீண்ட கடிதத்தை வெளியிட்டு தேசிய அணியிலிருந்து விலகினார். தன் பின்னணியையும் அந்தப் படத்தையும் சில ஜெர்மன் நாளிதழ்கள் வலதுசாரிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டன என்று அதில் குற்றம்சாட்டினார். ஜெர்மன் அணியின் கௌரவக் கேப்டன் லோத்தர் மத்தேயஸ் இன்னொரு நாட்டுத் தலைவரைச் சந்தித்தபோது ஊடகங்கள் ஏன் சும்மா இருந்தன என்று கேட்டார். மத்தேயஸ் சந்தித்தது புதினை. அப்புறம் எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த வரி: ஜெயிக்கும்போது நான் ஜெர்மானியன், தோற்கும்போது குடியேறி வந்தவன்.

ஆனால் அந்தக் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த வரி அல்ல, வேறொரு கேள்வி. ஜெர்மனிக்கு ஆடிய லூகாஸ் பொடோல்ஸ்கியையும் மிரோஸ்லாவ் க்ளோசையும் யாரும் ஜெர்மன்-போலந்துக்காரர் என்று எழுதுவதில்லையே, என்னை மட்டும் ஏன் ஜெர்மன்-துருக்கியர் என்கிறீர்கள்? துருக்கி என்பதாலா? நான் முஸ்லிம் என்பதாலா? க்ளோசும் பொடோல்ஸ்கியும் போலந்திலேயே பிறந்து பிறகு ஜெர்மனிக்கு வந்தவர்கள். ஓசில் ஜெர்மனியில் பிறந்தவர். அப்படிப் பார்த்தால் அந்த இரட்டை அடையாளம் பொருந்த வேண்டியது அவர்களுக்குத்தான். ஸ்டெர்லிங் செய்ததைத்தான் ஓசிலும் செய்திருக்கிறார் பாருங்கள்: இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைப்பது.

அதே ஆண்டு பெல்ஜியத்தின் ரோமெலு லுகாகுவும் இதையே சொன்னார். நன்றாக ஆடினால் செய்தித்தாள்களில் தான் ‘பெல்ஜிய ஸ்ட்ரைக்கர்’, ஆட்டம் சரியில்லை என்றால் ‘காங்கோ வம்சாவளிப் பெல்ஜிய ஸ்ட்ரைக்கர்’ என்று.

சரி, அப்படியானால் ஒருவருடைய மதத்தையோ பூர்வீகத்தையோ செய்தியில் குறிப்பிடவே கூடாதா? அப்படி இல்லை. எகிப்து வீரர் முகமது சாலா 2017-இல் லிவர்பூலுக்கு வந்தார். கோல் போட்டதும் மைதானத்தில் நெற்றி பதித்துத் தொழுவார். தன் மதத்தை மறைத்ததே இல்லை. 2021-இல் ஓர் அரசியல் அறிவியல் ஆய்விதழில் வந்த கட்டுரை, அவர் வந்த பிறகு லிவர்பூல் வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் எதிர்ப்பு ட்வீட்டுகளும் மற்ற பெரிய கிளப்புகளின் ரசிகர்களோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைந்தன. அவர் முஸ்லிம் என்பது கண்முன் தெரிந்தபோதுதான் அவர் மீதான பிரியம் மற்ற முஸ்லிம்கள் பக்கமும் திரும்பியது என்கிறது அந்த ஆய்வு. ஆக, குறிப்பிடுவது பிரச்சினை அல்ல. கோல் போட்ட நாளில் மறந்து, கோட்டைவிட்ட நாளில் மட்டும் நினைவுக்கு வருவதுதான் பிரச்சினை.

எழுதாமல் விட்டதும் செய்திதான்

முன்முடிவுக்கு நிறம் தேவையில்லை. ஜேம்ஸ் மெக்ளீன் வெள்ளையர், வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். ஒவ்வொரு நவம்பரிலும் இங்கிலாந்துக் கிளப்புகள் போரில் இறந்த படைவீரர்கள் நினைவாகச் சட்டையில் சிவப்புப் பாப்பி மலர் அணியும். 2012-இலிருந்து மெக்ளீன் அதை அணிய மறுத்தார். 2014-இல் தன் கிளப்பான விகனின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக் காரணத்தை விளக்கினார். இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்காக மட்டும் என்றால் தினமும் அணிவேன், ஆனால் பாப்பி பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்லா மோதல்களுக்குமானது என்றார். 1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் ஊர்வலம் போன மக்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டார்கள். அதில் இறந்தவர்களில் ஆறு பேர் தான் வளர்ந்த க்ரெகன் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் என்றும் எழுதியிருந்தார்.

இவ்வளவு மரியாதையாகக் காரணம் சொன்ன பிறகும், ஒவ்வொரு நவம்பரிலும் ‘மெக்ளீன் இந்த வருடமும் அணியவில்லை’ என்பது செய்தி. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் மீது விழுந்த மதவெறிக் கூச்சல் அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை. 2018-இல் அவர் இதை நேராகவே சொன்னார்: இதுவே தோல் நிறத்தைப் பற்றியோ முஸ்லிம்களுக்கு எதிராகவோ இருந்தால் எல்லா நாளிதழிலும் வந்திருக்கும், நாங்கள் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் என்பதால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று. மற்றவர்களுக்கு எல்லாம் சரியாக நடக்கிறது என்று அவர் நினைத்ததை ஸ்டெர்லிங்கோ ஓசிலோ ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் தன்னைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். எதைச் செய்தி ஆக்காமல் விடுகிறோம் என்பதிலும் முன்முடிவு இருக்கிறது.

‘அந்த நோக்கத்தில் எழுதவில்லை’

மாட்டிக்கொண்டால் நாளிதழ்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

2019 டிசம்பர் 5 அன்று இத்தாலியின் கொரியெரே டெல்லோ ஸ்போர்ட் தன் முதல் பக்கத்தில் லுகாகு, கிறிஸ் ஸ்மாலிங் இருவரின் படங்களையும் போட்டு ‘பிளாக் ஃபிரைடே’ (கறுப்பு வெள்ளி) என்று தலைப்பு வைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, இன்டர்-ரோமா ஆட்டம். இருவரும் எதிரெதிர் அணிகளில் ஆடும் கறுப்பின வீரர்கள். வேற்றுமையைக் கொண்டாடத்தான் அப்படி வைத்தோம் என்று நாளிதழ் வாதாடியது. வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், காலியரி மைதானத்தில் பெனால்டி அடிக்கப் போன லுகாகுவை நோக்கி ரசிகர்கள் குரங்குச் சத்தம் எழுப்பியிருந்தார்கள். அந்த நாட்டில், அந்த ஆண்டில், இரண்டு பெரிய வீரர்களைப் பற்றிச் சொல்ல அவர்களுடைய நிறம் மட்டும்தான் கிடைத்ததா? ரோமாவும் ஏசி மிலானும் அந்த ஆண்டு முடியும்வரை அந்த நாளிதழைத் தங்கள் பயிற்சி மைதானங்களுக்குள் விடவில்லை.

2017 ஏப்ரலில் தி சன் பத்தி எழுத்தாளர் கெல்வின் மெக்கென்சி, எவர்ட்டன் வீரர் ராஸ் பார்க்லியை கொரில்லாவோடு ஒப்பிட்டு எழுதினார். பார்க்லியின் தாத்தா நைஜீரியர். அது எங்களுக்குத் தெரியாது என்றார்கள் எழுதியவரும் நாளிதழும். 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தபோது, அவர்கள் மீதே பொய்ப் பழி சுமத்தி தி சன் முதல் பக்கம் போட்டதே, அப்போது அதன் ஆசிரியராக இருந்தவரும் இதே மெக்கென்சிதான். பார்க்லி பத்தியோடு அவர் தி சன் நாளிதழை விட்டே போக வேண்டியதாயிற்று. எவர்ட்டன் அந்த நாளிதழின் நிருபர்களுக்குத் தடை போட்டது.

தெரியாமல் எழுதினோம் என்பதை நம்பினாலும், அச்சாகும்வரை அதைப் பார்த்த ஒருவருக்குக்கூட நெருடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

விதி இருக்கிறது, கைக்கு எட்டுவதில்லை

பிரிட்டனில் பல நாளிதழ்கள் இப்சோ என்ற பத்திரிகைக் கண்காணிப்பு அமைப்பின் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. அதன் 12-ஆவது விதி, ஒருவருடைய இனம், நிறம், மதம் முதலியவற்றை இழிவாகக் குறிப்பிடக் கூடாது, செய்திக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் ஒழிய அந்த விவரங்களையே தவிர்க்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது தனிநபரை மட்டுமே காக்கும். ஒரு சமூகத்தையே பொத்தாம்பொதுவாகத் தாக்கி எழுதினால் அந்த விதி பேசாது. அடராபியோயோ செய்தியில் அவருடைய இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, எந்த விதியைக் காட்டிப் புகார் கொடுப்பது?

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பரில், டெய்லி மெயில் குழுமத்தின் ஞாயிறு இதழ், கறுப்பின வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு ஐந்து சொகுசு வீடுகள் வாங்கியதைச் செய்தியாக்கியது. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி உணவு கேட்டுப் போராடி, அரசாங்கத்தையே பணிய வைத்தவர் அவர். நான் பெரிய வசதி இல்லாத இடத்திலிருந்து வந்தவன், என் எதிர்காலத்தை மட்டுமல்ல, என் குடும்பத்தின் எதிர்காலத்தையும் பாதுகாக்க வேண்டும் என்று ட்விட்டரில் பதில் சொன்னார் ராஷ்ஃபோர்டு. வீடுகள் மாறின, ஆள் மாறினார், தலைப்பின் தொனி மாறவில்லை.

2024 ஜூன் 7 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்து ஐஸ்லாந்திடம் 1-0 என்று தோற்றது. மறுநாள் தோல்விச் செய்திக்குப் பல ஊடகங்கள் போட்ட படம் புகாயோ சாகாவுடையது. அவர் தொடக்க அணியில்கூட இல்லை. இரண்டாம் பாதியில் மாற்று வீரராக வந்தவர். 2021 யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டி தவறவிட்டதற்காக, 19 வயதில், இணையத்தில் அத்தனை இனவெறி வசைகளையும் தாங்கிய அதே சாகா. அந்தப் படத்தின் மேல் ஒரு தவறான வார்த்தையும் இல்லை, அதனால் எந்த நடத்தை விதியும் அதைத் தொடாது. இயன் ரைட் போன்ற முன்னாள் வீரர்கள் சத்தம் போட்டதால்தான் அது வெளியே பேசப்பட்டது. இப்படிப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு டெஸ்க்குகளில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வியை, லியோன் மான் தொடங்கிய பிகாம்ஸ் என்ற கறுப்பின விளையாட்டு ஊடகவியலாளர் அமைப்பு பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது.